இருக்கும் ரிம்முக்கு ஏற்ற டயர்: பக்கி வண்டி வைத்திருப்போருக்கு ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில் எல்லோரும் பக்கி என்று அழைக்கும் சிறு சரக்கு வண்டியை முதன்முதலாக வாங்குகிறவர்களில் பலர், பழைய டயர்கள் தேய்ந்தவுடன் கடைக்குச் சென்று, கண்ணுக்குப் பிடித்த அகலமான டயரைத் தேர்ந்தெடுத்த பிறகே அது தம் ரிம்மில் பொருந்துமா என்று விசாரிக்கிறார்கள். அந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ரிம்மை மாற்றாமல் டயரை மட்டும் மாற்றுவதாக முடிவு செய்துவிட்டால், எல்லையை வகுப்பது ரிம்தான். முதலில் ரிம், அடுத்து சுமை, அதன்பின் விட்டம், கடைசியாகவே அகலமும் பட்டன்களின் (தரையைத் தொடும் ரப்பர் கட்டைகளின்) அமைப்பும் என்ற வரிசையில் சிந்திப்பவர் பெரும்பாலும் தவறு செய்வதில்லை.

என் தந்தை டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட்டில் காய்கறி பயிரிட்டு, விடியற்காலையில் டர்பனின் மொத்தச் சந்தைக்குக் கொண்டு செல்வார். அவருடைய பழைய பக்கியில் 6 அங்குல அகலமும் 16 அங்குல விட்டமும் கொண்ட இரும்பு ரிம்களும், தொழிற்சாலை பொருத்தித் தந்த 205ஆர்16சி டயர்களும் இருந்தன (இத்தகைய எண்களின் பொருளைப் பின்னால் பார்ப்போம்). அவை தேய்ந்தபோது, மலிவாகக் கிடைக்கிறதென்று ஒரு கடைக்காரர் 245/75ஆர்16 டயர்களை மாட்டிவிட்டார். அவை ரிம்மில் ஏறின, காற்றும் நின்றது. ஆனால் அந்த அளவுக்கு ரிம் குறைந்தது 6½ அங்குல அகலம் இருக்க வேண்டும். குறுகிய ரிம் டயரின் இரு ஓரங்களையும் உள்ளே இழுத்துப் பிடித்ததால், நடுப்பகுதி பலூன்போல் புடைத்து, தரையோடு அதுவே அதிகம் உரசியது. ஓராண்டு கடந்த சில மாதங்களில் நடுவில் பட்டன் முழுவதும் தேய்ந்துபோனது. தோள்கள் எனப்படும் இரு ஓரங்களிலும் பட்டன்கள் புதியவைபோல் நின்றன. கடற்காற்று பக்கவாட்டில் அடிக்கும் என்2 சாலையில் முட்டைக்கோஸ் மூட்டைகளோடு வரும்போது வண்டி அலைந்ததற்கும் காரணம் அதுவே என்பது எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது. ஏறிவிட்டது என்பதும் பொருந்திவிட்டது என்பதும் ஒன்றாகா.

ரிம்மைப் படித்தல்

ரிம்மின் அளவு அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். இரும்பு ரிம்மில் வால்வுத் துளைக்கு அருகிலோ, மையத் தட்டிலோ காணலாம். இங்கு மேக் என்று சொல்லப்படும் அலாய் ரிம்மில் பெரும்பாலும் ஆரங்களின் பின்புறத்தில் இருக்கும் என்பதால், சக்கரத்தைக் கழற்றித் துடைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். உதாரணமாக, 7½ஜே × 17 ஈடி 30 என்று இருந்தால், 7½ என்பது அகலம், ஜே என்பது விளிம்பின் வடிவம், 17 என்பது விட்டம். ஈடி 30 என்பது, ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் (சக்கரம் பூட்டப்படும் அச்சு முனையில்) உட்காரும் முகம் 30 மில்லிமீட்டர் வெளிப்புறமாகத் தள்ளி இருப்பதைக் குறிக்கிறது. சில ரிம்களில் தாங்கக்கூடிய உச்சச் சுமையும் கிலோகிராமில் பொறிக்கப்பட்டிருக்கும். சரக்கு ஏற்றுகிறவர்கள் அதையும் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் டயர் எவ்வளவு வலிமையானதாக இருந்தாலும் ரிம்மின் வலிமை அதனால் கூடிவிடாது.

எழுத்துகள் துருவில் அழிந்திருந்தால் அளந்து பார்க்கலாம். ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. ரிம்மின் அகலம் என்பது டயரின் உள்விளிம்புகள் உட்காரும் இடத்தில், இரு பக்க உதடுகளுக்கும் உட்புறமாக அளக்கப்படுவது. நாடாவை வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரத்துக்குப் பிடித்தால் ஏறக்குறைய ஓர் அங்குலம் கூடுதலாகக் காட்டும். விட்டத்துக்கும் இதே நியாயம் பொருந்தும்.

விட்டத்தில் அரை அங்குலம்கூட விட்டுக்கொடுக்க முடியாது. 16 அங்குல ரிம்மும் 16.5 அங்குல ரிம்மும், 17 அங்குல ரிம்மும் 17.5 அங்குல ரிம்மும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றலாம். ஆனால் 16.5, 17.5, 22.5 போன்ற அளவுகளில் டயர் உட்காரும் தளம் சாய்வாக அமைந்திருக்கும். மற்றவற்றில் அது ஏறக்குறைய தட்டையாக இருக்கும். 16 அங்குல டயரை 16.5 அங்குல ரிம்மில் வைத்துக் காற்றடித்தபோது உள்விளிம்பு அறுந்து, டயர் வெடித்து, மாட்டியவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். காற்றை இன்னும் கொஞ்சம் அடித்தால் உட்கார்ந்துவிடும் என்று யாராவது சொன்னால், அந்த இடத்தை விட்டு உடனே விலகி நில்லுங்கள்.

அகலத்துக்கு அனுமதிக்கப்பட்ட வரம்பு

அகலத்தில் இவ்வளவு கண்டிப்பு இல்லை. ஒவ்வொரு டயர் அளவுக்கும் ஒரு வரம்பு உண்டு. 245/75ஆர்16 டயருக்கு 6½ முதல் 8 அங்குலம், 265/65ஆர்17 டயருக்கு 7½ முதல் 9½ அங்குலம், பழைய பாணியில் எழுதப்படும் 31×10.50ஆர்15 டயருக்கு 7 முதல் 9 அங்குலம் என்பன இங்குள்ள பக்கிகளில் அடிக்கடி பயன்படும் சில வரம்புகள். தயாரிப்பாளரின் தரவுத்தாளில் ஒவ்வோர் அளவுக்கும் எதிரே இந்த வரம்பு அச்சிடப்பட்டிருக்கும். கடைக்காரரின் நினைவாற்றலை நம்பாமல் அந்தத் தாளையே காட்டச் சொல்லிக் கேட்பது வாங்குகிறவரின் உரிமை.

வரம்பின் நடுவில் அமையும் ரிம்மே நல்லது என்பது என் கருத்து. டயரின் அகலமாகச் சொல்லப்படும் எண், அளவிடுவதற்கென வகுக்கப்பட்ட ஒரு குறிப்பிட்ட ரிம்மில் வைத்து அளந்ததாகும். உங்கள் ரிம் அதைவிட அரை அங்குலம் குறுகலாக இருந்தால் டயரும் சுமார் 5 மில்லிமீட்டர் குறுகலாகும், அரை அங்குலம் அகலமாக இருந்தால் அதே அளவு அகலமாகும்.

டயரின் பக்கச்சுவரில் இருப்பது

இப்போது வண்டியில் இருக்கும் டயரையும், ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டப்பட்டிருக்கும் தகவல் அட்டையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய வண்டியை வாங்கியவர்கள் இதைத் தவறாமல் செய்ய வேண்டும், ஏனெனில் முந்தைய உரிமையாளர் போட்டிருந்த தவறான அளவையே நீங்கள் சரியான அளவாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

265/65ஆர்17 112எஸ் என்பதை எடுத்துக்கொள்வோம். 265 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 65 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. ஆர் என்பது ரேடியல் கட்டமைப்பு. 17 என்பது ரிம்மின் விட்டம். 112 என்பது சுமைக் குறியீடு, அதாவது ஒரு டயர் 1,120 கிலோகிராம் தாங்கும். எஸ் என்பது மணிக்கு 180 கிலோமீட்டர் வரையிலான வேகத் தகுதி. 205ஆர்16சி போன்ற அளவுகளில் விழுக்காடு எழுதப்பட்டிருக்காது; அது 80-ஐச் சற்றே தாண்டிய அளவு என்று கொள்ள வேண்டும்.

சி என்ற எழுத்து புதியவர்களை மிகவும் குழப்புகிறது. ரிம் விட்டத்தை ஒட்டி 16சி என்று வந்தால், அது வணிக வண்டிக்கான டயர் என்று பொருள். எல்டி (லைட் டிரக், அதாவது இலகு லாரி) வகை டயர்களில் சுமை வரம்பு சி, டி, இ என்று தனியாக எழுதப்பட்டிருந்தால், அவை முறையே 6, 8, 10 பிளை தரத்தை, அதாவது அத்தனை துணி அடுக்குகளுக்கு நிகரான வலிமையைக் குறிக்கும். இரண்டும் வெவ்வேறு செய்திகள். ஒன்றை மற்றொன்றாக எண்ணி வாங்கிவிடக் கூடாது.

சுமை

ஒரு பக்கியின் வேலையே சுமப்பதுதான் என்பதால், இந்தப் பகுதியில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. வண்டியின் தகவல் தகட்டில் பின் அச்சுக்கு அனுமதிக்கப்பட்ட எடை 1,800 கிலோகிராம் என்று இருந்தால், ஒவ்வொரு பின் டயருக்கும் 900 கிலோகிராம் வருகிறது. சுமைக் குறியீடு 104 என்பது சரியாக 900 கிலோகிராம்தான். கணக்கில் அது போதும், நடைமுறையில் போதாது. சுமை ஒருபோதும் இரு பக்கமும் சமமாக உட்காருவதில்லை. தைப்பூசத்துக்குக் காவடிகளையும், அன்னதானத்துக்கான அண்டாக்களையும் அரிசி மூட்டைகளையும் ஏற்றும்போது எந்தப் பக்கம் எவ்வளவு வைக்கிறோம் என்று யாரும் தராசு வைத்துப் பார்ப்பதில்லை. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்க டயருக்கு எடை இன்னும் கூடுகிறது; பின்னால் டிரெய்லர் மாட்டினால் அதன் கொக்கி அழுத்தும் எடையும் பின் அச்சின்மீதே விழுகிறது. ஆகவே, தொழிற்சாலை குறிப்பிட்ட சுமைக் குறியீட்டுக்குக் கீழே ஒருபோதும் இறங்கக் கூடாது. தொடர்ந்து சரக்கு ஏற்றுகிறவர் ஒன்றிரண்டு படி மேலே போவது நல்லது. குறியீடு 116 என்றால் 1,250 கிலோகிராம், 121 என்றால் 1,450 கிலோகிராம்.

121/118 என இரு எண்கள் இருந்தால், முதலாவது தனி டயராக ஓடும்போதும், இரண்டாவது இரட்டைச் சக்கரத்தில் ஒன்றாக ஓடும்போதும் தாங்கும் எடையைக் குறிக்கின்றன.

சாதாரண டயரிலிருந்து எல்டி டயருக்கு மாறுகிறவர்கள் காற்றழுத்தத்தில் தவறிவிடுகிறார்கள். 121 குறியீடு கொண்ட, சுமை வரம்பு இ எல்டி டயர் 1,450 கிலோகிராம் தாங்குவது 550 கிலோபாஸ்கல், அதாவது 5.5 பார் அழுத்தத்தில்தான். கதவுத் தூணில் எழுதியுள்ள 2.2 அல்லது 2.4 பார் காற்றை அதில் அடித்து முழுச் சுமை ஏற்றினால், அந்த டயர் பழைய டயரைவிடக் குறைவாகவே தாங்கும். பக்கச்சுவர் அதிகம் மடிந்து சூடேறும். டர்பனின் கோடை வெப்பத்தில் அந்தச் சூடு தணிய வழியில்லை. எந்த அழுத்தத்தில் எவ்வளவு எடை என்ற தயாரிப்பாளரின் அட்டவணையைப் பார்த்து, உங்கள் சுமைக்கு ஏற்ப அழுத்தத்தை நிர்ணயிக்க வேண்டும்.

விட்டத்தைக் கணக்கிடுதல்

இனி ஒரு பேனாவை எடுத்துக்கொள்ளலாம். ரிம் விட்டத்தை 25.4-ஆல் பெருக்கினால் மில்லிமீட்டர் கிடைக்கும். அகலத்தை விழுக்காட்டால் பெருக்கினால் ஒரு பக்கச்சுவரின் உயரம் கிடைக்கும். அதை இரட்டித்து முதல் எண்ணோடு கூட்ட வேண்டும். 265/65ஆர்17 டயருக்கு 431.8 மில்லிமீட்டரும் 344.5 மில்லிமீட்டரும் சேர்ந்து 776.3 மில்லிமீட்டர் ஆகிறது.

இதே 17 அங்குல ரிம்முக்கு வேறு என்னென்ன பொருந்தும் என்று பார்ப்போம். 245/70ஆர்17 டயரின் விட்டம் 774.8 மில்லிமீட்டர்; வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம், குறுகலாக இருப்பதால் எரிபொருளும் சற்று மிச்சமாகும், ஆனால் சுமைக் குறியீட்டைத் தவறாமல் பார்க்க வேண்டும். 275/65ஆர்17 டயர் 789.3 மில்லிமீட்டர், அதாவது 1.7 விழுக்காடு பெரியது. 265/70ஆர்17 டயர் 802.8 மில்லிமீட்டர், 3.4 விழுக்காடு பெரியது. பலரும் ஆசைப்படும் 285/70ஆர்17 டயர் 830.8 மில்லிமீட்டர், இது முழுதாக 7 விழுக்காடு பெரியது. பொதுவாகக் கடைப்பிடிக்கப்படும் வரம்பு 3 விழுக்காடு. அதைக் கொஞ்சம் தாண்டும் 265/70ஆர்17 அளவைப் பலர் சிக்கலின்றி ஓட்டுகிறார்கள் என்றாலும், வண்டியில் வேறு எதையும் மாற்றாமல் 7 விழுக்காட்டுக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காரணம் வெறும் தோற்றம் சார்ந்ததன்று. 7 விழுக்காடு பெரிய டயரோடு வேகமானியின் முள் 120-ஐத் தொடும்போது, அதுவரை அது சரியாகவே காட்டியிருந்தால், வண்டி உண்மையில் மணிக்கு 128 கிலோமீட்டரைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும். நெடுஞ்சாலையின் உச்ச வேகமே 120தான். கியர் விகிதமும் அதே அளவு உயர்ந்துவிடுவதால், என்3 சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் டவுன் ஹில் ஏற்றத்திலும் வான் ரீனன் கணவாயிலும் சுமையோடு ஏறும்போது, முன்பு ஐந்தாவது கியரில் ஏறிய இடத்தில் நான்காவதுக்கு இறங்க வேண்டியிருக்கும். டயரின் எடையும் சில கிலோகிராம் கூடுகிறது. பிரேக்கின் பிடிக்கு எதிராக வேலை செய்யும் நெம்புகோலும் நீள்கிறது. இத்தனைக்கும் ஈடாகக் கிடைக்கும் தரை இடைவெளி, விட்ட வேறுபாட்டில் பாதிதான். அதாவது 27 மில்லிமீட்டர்.

கணக்கில் வரும் விட்டமும் உண்மையான விட்டமும் சில மில்லிமீட்டர் மாறலாம். மண்பாதைக்கான ஆழமான பட்டன் டயர்கள் சற்றுப் பெரியவையாகவே இருக்கும். முடிவெடுக்கும் முன் தரவுத்தாளில் உள்ள விட்டத்தையே பயன்படுத்துங்கள்.

வண்டிக்குள் இடம் இருக்கிறதா

ரிம் மாறாததால், அகலத்தில் கூடும் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் போகிறது. 265-லிருந்து 285-க்குப் போனால் உள்பக்கம் 10 மில்லிமீட்டர் குறையும். முன் சக்கரத்துக்கு உள்ளே, சஸ்பென்ஷனின் மேல்கையும் அதன் மூட்டும் டயருக்கு மிக அருகில் இருப்பதால், இப்போதைய இடைவெளியை விரலால் தொட்டும், மெல்லிய கம்பியால் அளந்தும் பாருங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்பி, முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்க வேண்டும். சக்கரத்துக்குப் பின்னால் கேபின் தாங்கியிருக்கும் இடத்திலும், மட்கார்டின் உட்புறப் பிளாஸ்டிக்கிலும்தான் உரசல் முதலில் தெரியும். காலி வண்டியில் உரசாதது சுமையில் உரசும் என்பதால், பின்பெட்டியில் எடை வைத்தும், ஒரு முன் சக்கரத்தை மேட்டின்மீது ஏற்றியும் சோதிப்பது அவசியம். கரும்புத் தோட்டத்துச் செம்மண் மழையில் டயரின்மீது அப்பிக்கொள்ளும். அந்தக் கனத்துக்கும் இடம் விட வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் ஸ்டெப்னி என்று சொல்லும் உபரிச் சக்கரத்தைப் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள். அது பின்பெட்டியின் அடியில் தொங்கும் இடம் குறிப்பிட்ட விட்டத்துக்கே அமைக்கப்பட்டது. நான்கு சக்கர ஓட்டமுள்ள வண்டியில் நான்கு டயர்களும் ஒரே விட்டமாக இருந்தாக வேண்டும். முன்னும் பின்னும் வேறுபட்டால் தார்ச்சாலை போன்ற கெட்டியான தரையில் ஓட்டப்பெட்டியும் (டிரான்ஸ்ஃபர் கேஸ்) தண்டுகளும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். ஆகவே, முடிந்தவர்கள் ஐந்தாகவே வாங்க வேண்டும்.

இரட்டைச் சக்கர லாரிகள்

மூன்று நான்கு டன் லாரி வைத்திருப்பவர்களுக்கும் மேற்சொன்ன அனைத்தும் பொருந்தும். ஒரு கவலை மட்டும் கூடுதல். பின்னால் இரட்டையாக ஓடும் டயர்களுக்கு இடையிலான இடைவெளியைத் தீர்மானிப்பது ரிம்மின் அமைப்பு. டயரை அகலமாக்கினால் அந்த இடைவெளி சுருங்கும். முழுச் சுமையில் அடிப்பாகம் புடைக்கும்போது இரு பக்கச்சுவர்களும் ஒன்றையொன்று தேய்த்துச் சூடேறி, தீப்பிடிக்கவும் கூடும். 215/75ஆர்17.5 டயருக்கு 6.00 அல்லது 6.75 அங்குல ரிம் வேண்டும். பெரிய லாரிகளில் 295/80ஆர்22.5 டயர் 8.25, 9.00 ஆகிய இரு ரிம்களிலும் உட்காரும், 315/80ஆர்22.5 டயருக்கு 9.00 அங்குல ரிம் தேவை. இணையின் இரு டயர்களும் ஒரே அளவாகவும், ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்தவையாகவும் இருக்க வேண்டும், இல்லையெனில் பெரியது சுமையைச் சுமக்க, சிறியது சாலையில் இழுபடும்.

வாங்கும்போதும் மாட்டும்போதும்

பக்கச்சுவரில் டாட் என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் காட்டுகின்றன. 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பழைய டயரில் புதிதாகக் கோடு வெட்டி விற்கும் வழக்கம் இங்கு உண்டு. கோட்டின் அடியில் கம்பியோ துணியோ தெரிந்தாலோ, தேய்மான அடையாள மேடுகளையும் சேர்த்து வெட்டியிருந்தாலோ, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அதை வாங்காதீர்கள். சட்டப்படி பட்டனின் ஆழம் 1 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. டர்பனின் கோடை மழையை அறிந்தவன் என்ற முறையில் நான் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுகிறேன்.

கடலோரத்தில் ஓடும் இரும்பு ரிம்களில், டயர் உட்காரும் தளத்தில் துரு பிடித்திருக்கும். அதைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்யாமல் புது டயரை மாட்டினால் காற்று மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். துரு குழியாக அரித்திருந்தால் அந்த ரிம்மையே மாற்ற வேண்டும். வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். சாதாரண ரப்பர் வால்வு 4.5 பார் வரைக்கே உரியது. எல்டி டயரில் அதற்கு மேல் காற்றடிக்க எண்ணியிருப்பவர் உயர் அழுத்த வால்வைக் கேட்டு வாங்க வேண்டும். அளவு தொழிற்சாலைக் குறிப்பிலிருந்து மாறியிருந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்துமூலம் தெரிவித்து, பதிலையும் பத்திரப்படுத்துங்கள்.

டயர்களை மாட்டிய பிறகு பேலன்சிங்கும் அலைன்மென்ட்டும் செய்துகொண்டு, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளைக் குறிப்பிட்ட முறுக்கு அளவுக்கு மீண்டும் இறுக்க வேண்டும். அடுத்த நாள் காலை, வண்டி ஓடுவதற்கு முன் டயர் குளிர்ந்திருக்கும்போது ஐந்து டயர்களின் அழுத்தத்தையும் சரிபார்த்து, அளவையும் அழுத்தத்தையும் ஒரு தாளில் எழுதிக் கதவுத் தூணில் பழைய அட்டைக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். உங்கள் வண்டியை இரவல் வாங்கிச் செல்லும் தம்பியோ மாமாவோ காற்றடிக்க நிற்கும்போது அதையே பார்ப்பார்கள்.